குப்பைக்கூடையைக் கட்டிப்பிடித்த நிழல்

மழை பொய்த்தாலும் வெடிமருந்து பொய்க்காது என்று சொல்லிக்கொண்டு, கரிசல் மண்ணில் பருத்தியை விட்டுவிட்டுப் பட்டாசை நம்பிப் பிழைத்த ஊர் ஒன்று இருந்தது. அந்த ஊரில் பிள்ளை பிறந்தால் வெடி, பெண் சமைந்தால் வெடி, புதிதாக ஒரு பஸ் வந்தால் வெடி, ஆள் செத்தால் பாடைக்கு முன்னாலும் வெடி. தாலுகா ஆபீசில் ஒருவருக்குப் பட்டாவோ பென்ஷனோ வேலை உத்தரவோ கைக்கு வந்தால், அவருடைய சொந்தக்காரர்கள் வாசல் வேப்பமரத்தடியில் ஓர் ஆயிரம்வாலாவைக் கொளுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள், கொளுத்த நாதியில்லாத ஆளுக்கு ஆபீஸ்காரர்களே கொளுத்துவார்கள். எழுதிய சட்டத்தை அவர்கள் மீறினாலும் மீறுவார்கள், இதை மீறமாட்டார்கள்.

அதனால்தான் ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்குச் சந்தனமாரியின் நிழல், ஹெட்கிளார்க் சோலையப்பனுடைய மேஜைக்கடியில் தங்கிப்போனது.

நடந்தது இதுதான். சந்தனமாரிக்கு நாற்பது வயது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த பட்டாசு ஆலையில் ஓர் அறை வெடித்து ஏழு பேர் போனார்கள், அவளுடைய ஒரே தங்கச்சி முத்துப்பேச்சியும் அதில் ஒருத்தி. தாய் தகப்பன் இல்லை, கட்டியவன் எப்போதோ விட்டுவிட்டுப் போனவன். இருந்த ஒரே உறவும் போன பிறகு அரசாங்கம் மனமிரங்கி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தது. அந்த உத்தரவை வாங்க வந்தவள், நாற்காலியின் நுனியில், வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருஷ சர்வீஸில் எத்தனையோ பேருக்கு உத்தரவு கொடுத்த சோலையப்பனே அன்றைக்கு அவளை நிமிர்ந்து பார்த்தார். பாவம், யாருமில்லாத பொம்பளை என்று நினைத்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஜீப் டிரைவரிடம், "போடுப்பா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். கெட்ட மனசோடு செய்ததற்குப் பரிகாரம் உண்டு, நல்ல மனசோடு செய்துவிட்டால் எந்தக் கோயிலில் போய் முட்டிக்கொள்வது என்றுகூடத் தெரியாது.

முதல் வெடி வெடித்ததும் நாற்காலி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். சந்தனமாரி மேஜைக்கடியில் பாய்ந்து, அங்கே கிடந்த பிளாஸ்டிக் குப்பைக்கூடையை இழுத்து நெஞ்சோடு சேர்த்து, அதன்மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டாள். ஆயிரம் வெடியும் வெடித்து முடிகிறவரை கிடந்தாள். கசக்கிப்போட்ட தாளும் வாழைப்பழத் தோலும் அவள் சேலையெல்லாம் ஒட்டிக்கொண்டன. வெடி ஓய்ந்த பிறகு வந்த அமைதியில், அந்த அமைதியைத் தாங்க முடியாமல், சோலையப்பன் குனிந்து பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, ஆர்டர் மேஜை மேல இருக்கு. நீ கூடைக்குள்ள தேடுறியே!"

ஆபீசே சிரித்தது. மனுக் கொடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள், வாசலில் டிரைவர் காரணம் தெரியாமலே சிரித்தான், சொன்னவரும் சிரித்தார். சங்கடமான நேரத்தில் ஒரு சிரிப்பைப் போட்டு மூடிவிடுவது சோலையப்பனுடைய சுபாவம். சந்தனமாரி எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை, உத்தரவை எடுக்கவில்லை, செருப்பைத் தேடவில்லை, வெறுங்காலோடு உச்சிவெயிலில் நடந்துபோனாள். அன்று சாயங்காலம் டீக்கடையில் சோலையப்பன் அந்தக் கூடைக் கதையை இரண்டு தடவை சொன்னார், இரண்டாவது தடவை கொஞ்சம் மெருகேற்றி.

மறுநாள் காலை ஆபீசைப் பெருக்க வந்த ஜெபமணி, மேஜைக்கடியில் வாரியலை விட்டவள், வாரியலை வெளியே எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். அங்கே மேஜையின் நிழல் இருந்தது, அதற்குள்ளே அதைவிடக் கருப்பாக ஒரு பொம்பளையின் நிழல், முதுகை வளைத்து, தலையைத் தோளுக்குள் இழுத்து, எதையோ அணைத்துக்கொண்டு கிடந்தது. கூடையை அவள் அதற்கு முன்பே மூலையில் கொண்டுபோய் வைத்திருந்தாள். கூடை போய்விட்டது, கூடையைக் கட்டிக்கொண்டது போகவில்லை.

"அந்தப் பொம்பள பாதிதான் வீட்டுக்குப் போயிருக்கு" என்றாள் ஜெபமணி, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்கிற குரலில்.

ஆபீஸ்காரர்களும் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, அதிசயப்படுவதற்கு முன்னால் அப்புறப்படுத்துவதுதானே அரசாங்க வழக்கம். டியூப்லைட்டை அணைத்துப் பார்த்தார்கள், இருட்டிலும் அது தெரிந்தது. பினாயில் ஊற்றிக் கழுவினார்கள், தரை வெளுத்தது, நிழல் வெளுக்கவில்லை. மேஜையை நாலு பேர் தூக்கி நகர்த்தினார்கள். மேலே மறைப்பு போனதும் நிழல் நடுங்கிய நடுக்கத்தில் பீரோக் கதவுகள் தாமாகக் கடகடத்தன, மேஜையை அவசர அவசரமாகப் பழைய இடத்தில் வைத்தார்கள். கடைசியில் ஒரு கோடாங்கி வந்தார். அவர் உடுக்கையில் ஓர் அடி போட்டதுதான் தாமதம், நிழல் சுருங்கிச் சுருங்கி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆகிவிட்டது. அதைப் பார்த்த கோடாங்கி உடுக்கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பேயின்னா நான் பேசுவேன், இது பயந்த மனுசி" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைபாக்குகூட வாங்காமல் போனார்.

நிழல் பழைய அளவுக்கு விரிய மூன்று நாளானது, அதற்கும் ஜெபமணிதான் காரணம். அவள் அதைத் தாயி என்று கூப்பிட்டாள். வாரியலை எடுப்பதற்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "தாயி, நான்தான் ஜெபமணி. பெருக்கப் போறேன். சரசரன்னு சத்தம் வரும், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் பெருக்குவாள், ஜன்னலைத் திறப்பதற்கு முன்னால், "கொக்கி டக்குனு அடிக்கும் தாயி" என்பாள். ஒவ்வொரு தடவையும் நிழலின் தோள் ஒரு விரற்கடை இறங்கும். இதைப் பார்த்து மற்றவர்களும் மெல்ல மெல்லப் பழகினார்கள். முத்திரை குத்துகிற இடத்தில் துணியை நாலாக மடித்துப் போட்டார்கள், இழுப்பறைகளுக்கு மெழுகுவர்த்தி தேய்த்தார்கள், மணியடித்து ஆளைக் கூப்பிடுவதை விட்டு எழுந்துபோய்க் கூப்பிட்டார்கள், வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறவரை "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அது வெளிய பாக்கணும்" என்று நகர்த்தினார்கள். மனுக் கொடுக்க வருகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிப் போட்டார்கள். ஒருநாள் நிலத்தகராறில் குடித்துவிட்டு அருவாளோடு வந்த ஆளுக்கு எதிரே தாசில்தார் தரையில் உட்கார்ந்து, "நீங்க சொல்லுங்க, நான் எழுந்திரிக்க மாட்டேன், நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசமாட்டேன்" என்று சொல்ல, அவன் அரைமணி நேரம் கத்தி, கால்மணி நேரம் அழுது, அருவாளை அங்கேயே மறந்து வைத்துவிட்டுப் போனான். ஊரில் ரேஷன் கடைக்காரர்கள்கூட இந்த ஆபீசின் வழக்கத்தை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

எல்லாரும் பழகினார்கள், சோலையப்பன் ஒருத்தரைத் தவிர. அவருடைய மேஜை, அவருடைய காலடி. இரண்டு காலையும் நாற்காலிக் கட்டையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, பெஞ்சில் ஏற்றிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாள்பூராவும் உட்கார்ந்திருந்தார். குனிந்து பார்க்கவே இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். ஆனால் பேனா விழுந்தால் குனிய முடியாது, அதற்கே அவர் சட்டைப்பையில் ஐந்து பேனா வைத்திருந்தார். டீக்கடையில் யாராவது, "சார், அந்தக் கூடைக் கதையச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டால் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அவருக்கு வெட்கமாக இருந்தது. குளிக்கும்போது வெட்கம், சாமி கும்பிடும்போது வெட்கம், வீட்டில் மனைவி தொலைக்காட்சியைப் பார்த்துச் சிரித்தால்கூட அவருக்கு உடம்பு கூசியது.

இதற்கிடையில் நாள் போய்க்கொண்டிருந்தது. முப்பது நாளுக்குள் சந்தனமாரி ஆபீஸ் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உத்தரவை வாங்காவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். தலையாரியை அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து சொன்னார்: "கதவத் தெறக்கல சார். உள்ள இருந்தே பேசுச்சு. 'நான் இன்னும் ஆபீஸ்லதான் இருக்கேன், அங்கயே குடுத்துருங்க'ன்னு சொல்லுது."

அதைக் கேட்டதும் எல்லாரும் சோலையப்பனைப் பார்த்தார்கள். சோலையப்பன் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். இன்னும் மூன்று நாள் இருந்தது.

அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, சோலையப்பன் கதவிரண்டையும் விரியத் திறந்து வைத்தார். நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். "தாயி" என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை, அந்தச் சொல்லுக்கு அவர் அருகதையில்லை என்று தோன்றியது. "நான் சோலையப்பன். குனியப் போறேன். உள்ள வரப்போறேன். வேணாம்னா நிறுத்திக்கிடுறேன்" என்றார். நிழல் நகரவில்லை. அவர் மெதுவாக, தொப்பை தரையில் தேய, முழங்கால் கடகடக்க, இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்து பிழைத்த மேஜைக்கு அடியில் முதல்முறையாகப் போனார்.

அங்கேயிருந்து பார்க்க, நாற்காலிக் கால்களும் ஒரு துண்டு வாசலும்தான் தெரிந்தன. அன்றைக்கு மேஜை விளிம்புக்குக் கீழே ஒரு முகம் தலைகீழாகத் தொங்கியது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்தார். பல்தான் தெரிந்திருக்கும். அந்தப் பல் தன்னுடையது என்ற நினைப்பில் அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பி நிழலைப் பார்த்தார், ஒரு முழ தூரத்தில். அது அணைத்துக்கொண்டிருந்தது கூடையில்லை. கூடைக்கு ஏது பாதம்? சந்தனமாரியின் நிழலுக்குக் கீழே, அவளுடைய கைக்கும் முழங்காலுக்கும் நடுவில், இரண்டு பாதங்கள் தெரிந்தன, கொண்டை போட்ட ஒரு தலை தெரிந்தது, மடங்கிக் கிடக்கிற ஓர் இளம்பெண்ணின் உடம்பு முழுக்கத் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த ஜெபமணி பார்த்தபோது ஹெட்கிளார்க் மேஜைக்கடியில் கிடந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவள் ஒன்றும் கேட்காமல் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சோலையப்பன் சந்தனமாரியின் தெருவுக்குப் போனார். வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார். அவள் வாசலில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெயிலில் முருங்கை மரத்துக்கு நிழல் இருந்தது, கோழிக்கு நிழல் இருந்தது, அவளுக்கு இல்லை. அவர் இருபது அடி தள்ளியே நின்றார்.

"அக்கா, நான் தாலுகா ஆபீஸ் சோலையப்பன். கிட்ட வரமாட்டேன். இங்கயே உக்காந்துக்கிடுறேன்."

வேஷ்டியோடு புழுதியில் உட்கார்ந்தார். சந்தனமாரி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த முறத்தை, மிளகாயோடு சேர்த்து, அவர்மேல் எறிந்தாள்.

"எதுக்குடா வந்த? மிச்சத்தையும் சிரிச்சுட்டுப் போகவா? ஒங்க ஆர்டரும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், எந்திரிச்சுப் போ!"

மிளகாய்த் தூசி கண்ணில் பட்டு அவருக்குக் கண்ணீர் கொட்டியது. வழக்கம்னுதான்க்கா போட்டோம் என்று சொல்ல வந்தது, விழுங்கினார். ஒங்க நல்லதுக்குத்தான் என்று வந்தது, அதையும் விழுங்கினார். ஒரு வேடிக்கை வார்த்தைகூட நாக்கு நுனிவரை வந்தது, பழக்கதோஷம். அதை விழுங்குவதுதான் மிளகாயை விழுங்குவதுபோல இருந்தது. "போகச் சொன்னா போயிருதேன். திட்டணும்னா திட்டுங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார், தாழ்ந்த குரலில்.

அவள் திட்டினாள். அவரை, அவருடைய ஆபீசை, இந்த ஊரை, இந்த மண்ணில் முதன்முதலாகப் பட்டாசுக்குக் கொட்டகை போட்டவனை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், சோலையப்பன் அவர்களைக் கையசைத்து உள்ளே போகச் சொன்னார். திட்டு ஓய்ந்தபோது அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மிளகாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் தண்ணி குடிக்க வெளிய வந்தேன் சார். மொதச் சத்தம் கேட்டதும் ஓடிட்டேன். அவ பேரச் சொல்லிக் கூப்புடக்கூட இல்ல. வேலியத் தாண்டி நின்ன பொறவுதான் எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இருக்கான்னே நெனப்பு வந்துச்சு. நாந்தான் அவள வேலைக்குக் கூட்டிட்டுப் போனேன். எல்லாரும் என்னைப் பாவம்பாங்க. நான் பாவமில்ல சார். ஓடி வந்தவ."

யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள் என்று சொல்லலாம். விதி என்று சொல்லலாம். இரண்டையும் அவள் பதினான்கு மாதமாகக் கேட்டிருப்பாள் என்று சோலையப்பனுக்குத் தெரிந்தது. வெட்கப்படுகிறவருக்கு வெட்கப்படுகிறவரைத் தெரியும்.

"அக்கா, ஒண்ணு பாத்தேன். சொல்லட்டுமா? வேணாம்னா சொல்லல."

அவள் தலையாட்டினாள்.

"நேத்து அந்த மேஜைக்கடியில போயிப் பாத்தேன். நீங்க பிடிச்சிருக்கது கூடையில்லக்கா. ரெண்டு பாதம் தெரியுது. கொண்டை தெரியுது. அந்தப் பிள்ளைமேல நீங்க கவுந்து கெடக்கீங்க. உடுக்கை அடிச்சாங்க, மேஜையத் தூக்கிப் பாத்தாங்க, இத்தன நாளா நீங்க கைய எடுக்கல."

சந்தனமாரி அழவில்லை. சிதறிக் கிடந்த மிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். அவர் தன் பக்கத்தில் கிடந்ததைப் பொறுக்கி, நகர்ந்து வராமல், தன் கை எட்டிய மட்டும் அவள் பக்கம் தள்ளிவைத்தார். முறம் நிறைந்த பிறகு அவள் கேட்டாள்: "வெடி போடுவீங்களா?"

"இல்லக்கா. கதவு ரெண்டும் தெறந்திருக்கும். எந்நேரமும் எந்திரிச்சு வந்துரலாம்."

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். அந்த ஊர் தன் எழுதாத சட்டத்தை முதன்முதலாக மீறியது அன்றைக்குத்தான். அன்று வேப்பமரத்தடியில் ஓலைவெடிகூட இல்லை. சரத்தைக் கொளுத்திய அதே டிரைவர் காலையிலிருந்து பஸ் நிறுத்தத்தில் நின்று, வருகிற ஒவ்வொரு வண்டியையும் கும்பிட்டு, ஹாரன் அடிக்காமல் அனுப்பிக்கொண்டிருந்தான். கல்யாண வீட்டில் மேளத்தைத் துண்டால் மூடி வைத்தார்கள். ஊர் அத்தனை அமைதியாக இருந்ததில், பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்தில் பருப்பு கொதிக்கிற சத்தம் ஆபீஸ்வரைக்கும் கேட்டது.

சந்தனமாரி நாற்காலியில் உட்கார்ந்தாள். "பதிவேட்டைத் திறக்கிறேன்" என்று சொல்லித் திறந்தார் சோலையப்பன், "முத்திரை வைக்கிறேன்" என்று சொல்லித் துணியின்மேல் அழுத்தினார். அவள் கையெழுத்துப் போட்டாள், உத்தரவை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள். எல்லாரும் மூச்சு விட்டார்கள். அப்போது அவள் கேட்டாள்.

"அன்னைக்கு என்ன சொன்னீங்க சார்? எனக்குக் காது அடைச்சிருந்துச்சு. வாய் அசைஞ்சது தெரிஞ்சுச்சு, எல்லாரும் சிரிச்சது தெரிஞ்சுச்சு. என்ன சொன்னீங்கன்னு மட்டும் கேக்கல."

சோலையப்பன் பதிவேட்டை மூடி வைத்தார். அவளுக்குத் தெரியாது. முப்பது நாளாக எந்த வார்த்தையை நினைத்து அவர் கூனிக் குறுகினாரோ, அந்த வார்த்தை அவளுக்குத் தெரியவே தெரியாது. பயப்படாதேன்னு சொன்னேம்மா என்று ஒரு பொய் சொன்னால் கதை அதோடு முடியும், ஆபீசில் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர் ஜெபமணியைப் பார்த்தார். ஜெபமணி தரையைப் பார்த்தாள். அவர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, டீக்கடையில் இரண்டு தடவை சொன்னதை மூன்றாவது தடவையாக, மெருகில்லாமல் சொன்னார்.

"'ஏம்மா, ஆர்டர் மேஜை மேல இருக்கு, நீ கூடைக்குள்ள தேடுறியே'ன்னு சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. சந்தனமாரி அந்த வார்த்தைகளை யோசித்துப் பார்த்தாள்.

"நான் ஆர்டரத் தேடல சார்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு குனிந்து மேஜைக்கடியில் போனாள். உள்ளே அவள் என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பேர் மட்டும் கேட்டது, அன்றைக்குக் கூப்பிடாமல் விட்ட பேர், ஏழெட்டுத் தடவை. வெளியே வந்து, சேலையைத் தட்டிவிட்டு, முதல் தடவை விட்டுப்போன செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினாள். உச்சிவெயிலில் அவளுடைய நிழல் காலடியில் இருந்தது, அதன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு நிழலும் போனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, ஆயாவோடு கூட ஓர் அக்காவும் சமைக்க வந்திருக்கிறது என்று வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

சோலையப்பனும் தரையிலிருந்து எழுந்தார். அவர் எழுந்தார், அவருடைய நிழல் எழவில்லை. அது மேஜைக்கடியில் நகர்ந்துபோய், காலியான இடத்தில், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அவர் அதைக் கூப்பிடவில்லை. ரிட்டையர் ஆகிறவரை நிழலில்லாமலே ஆபீசுக்கு வந்தார், போனார். அந்த ஊர்க்காரர்களும் எத்தனையோ கேலிக்காரர்கள்தான், இதை வைத்து மட்டும் ஒருநாளும் கேலி பேசியதில்லை.

தினமும் காலையில் ஜெபமணி வாரியலோடு வருவாள், தரையில் உட்காருவாள், மேஜைக்கடியில் பார்த்துச் சொல்வாள்: "சார், நான்தான். பெருக்கப் போறேன்."